வலி நின்றதும் வராமல் போனவர்களுக்கு

அன்புள்ள உங்களுக்கு,

என் மேசையின் இரண்டாவது டிராயரில் ஒரு பழைய ஸ்வீட் பெட்டி இருக்கிறது. அதற்குள் சின்னச் சின்னக் கவர்கள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் எக்ஸ்ரே ஃபிலிம். கவரின் மேல் பென்சிலில் உங்கள் பெயர், ஊர், எந்தப் பல், அடுத்து வரவேண்டிய தேதி. ரூட் கெனால் தொடங்கி, முதல் சிட்டிங்குக்கு வந்துவிட்டு, அதோடு நின்றுபோனவர்களின் கவர்கள் அவை. வேலை முடிந்தவர்களின் கவர் அலமாரிக்குப் போய்விடும். இவை மட்டும் பெட்டியிலேயே கிடக்கின்றன. சிலவற்றில் இருப்பது போன மாதத் தேதி. சிலவற்றில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

தர்மபுரி மாவட்டத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு தெருவில் 18 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் உங்களிடம் நேரில் சொல்ல வாய்ப்பே கிடைக்காத ஒன்றை இந்த மடலில் சொல்லப் பார்க்கிறேன். வாய்ப்பு ஏன் கிடைக்கவில்லை என்றால், வலியோடு வரும்போது நான் சொல்வது உங்கள் காதில் ஏறுவதில்லை. வலி போன பிறகு நீங்கள் வருவதில்லை.

முதல் நாள் நீங்கள் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. கன்னத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டோக்கன் வரிசையைப் பார்க்காமல் நேராக உள்ளே வந்தீர்கள். "ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லைங்க. படுத்தா வலி ஏறுது, எந்திரிச்சு உக்காந்தா கொஞ்சம் பரவால்ல. புடுங்கி உட்டுடுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றீர்கள். படுத்தால் வலி ஏறுவது ஏன் என்று அன்றைக்கு நான் விளக்கவில்லை. இப்போது சொல்கிறேன். பல்லின் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில்தான் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. சொத்தை அந்த அறை வரைக்கும் தோண்டிக்கொண்டு போனதும் உள்ளே இருக்கும் சதை வீங்குகிறது. கையில் அடிபட்டால் தோல் விரிந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும். பல்லுக்குள் அது நடக்காது. சுற்றிலும் உடம்பிலேயே கெட்டியான சுவர். வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் முழுக்க நரம்பின் மேல் விழுகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் அழுத்தமும் கூடுகிறது. அதனால்தான் பல்வலி ராத்திரியில் ஆளைக் கொல்கிறது.

பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். அதுதான் உங்களை என்னிடமிருந்து பிரித்தது. வலி போனால் வியாதி போய்விட்டது என்று நினைத்துவிட்டீர்கள்.

பல்வலி நிற்பதற்குக் காரணங்கள் பல உண்டு. மருந்து வேலை செய்து நிற்கலாம். பல்லைத் திறந்துவிட்டதால் அழுத்தம் இறங்கி நிற்கலாம். இன்னொன்றுதான் மோசம்: எந்த வைத்தியமும் பார்க்காமலேயே, ஒரு வாரம் துடித்த வலி ஒருநாள் காலையில் காணாமல் போகும். "தானா சரியாப் போச்சு" என்று சொல்வீர்கள். உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். வலிக்க நரம்பில்லை, அவ்வளவுதான். கிருமி அங்கேயே இருக்கிறது. வேரின் நுனி வழியாக இறங்கித் தாடை எலும்பை அரிக்கத் தொடங்குகிறது. சில மாதம் கழித்து ஈறில் மிளகு அளவில் ஒரு கொப்புளம் வரும். அழுத்தினால் சீழ் வரும், பிறகு அமுங்கும், மறுபடி வரும். வலிக்காது. வலிக்காததால் வரமாட்டீர்கள். எக்ஸ்ரேயில் அந்த வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது.

பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்து எதிரில் வைத்திருக்கிறேன். லாரி ஓட்டுகிறவர். மாங்காய் சீசனில் வந்தார். கீழ்த்தாடை, இடது கடைவாய்ப் பல். முதல் சிட்டிங் முடித்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் வரவேண்டியவர் ஐந்து மாதம் கழித்து வந்தார். வந்தார் என்பதைவிட அவர் தம்பி தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார் என்பதுதான் சரி. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகைபோல வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. நாக்கு மேலே தூக்கி நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் ஓரத்தில் வழியவிட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்காலியில் சாய்க்கப் போனேன், மூச்சு முட்டுகிறது என்று கையை உதறினார். அவருடைய வாயில் நான் கை வைக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வரவழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். கழுத்தில் கீறிச் சீழை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். பிழைத்து வந்தவர் என்னிடம், "பல்லுக்காக ஆள் சாவாங்களா மேடம்?" என்று கேட்டார். சாவார்கள். பல்லில் ஆரம்பித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் இந்த வியாதிக்கு அவர் பெயர்தான். இது ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பல்வலியோடு காய்ச்சல், தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்று வந்தால் என்னைப் போன்ற சின்ன கிளினிக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி வரும்போதெல்லாம் மெடிக்கலில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கி நாளைத் தள்ளுகிறவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாத்திரை எப்படிப் போய்ச் சேர்கிறது? ரத்தத்தின் வழியாக. செத்துப்போன நரம்பறைக்குள் ரத்த ஓட்டமே இல்லை. அப்படியானால் நீங்கள் விழுங்கிய ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியை எப்படி எட்டும்? சுற்றியுள்ள வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். பல்லைத் திறந்து சுத்தம் செய்கிறவரை கிருமியின் வீடு அப்படியே இருக்கும். வலிக்கிற பல்லுக்குப் பக்கத்தில் வலி மாத்திரையை அடக்கிக்கொண்டு, ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கிராம்பு பரவாயில்லை. அதன் எண்ணெய்க்கு மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு, நாங்களே தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டில் அதைச் சேர்க்கிறோம். ஆனால் பஞ்சில் தொட்டு வைப்பது ராத்திரியைக் கடத்தத்தான். விடிந்ததும் வந்துவிட வேண்டும். சந்தையில் கண்டங்கத்திரி விதையைப் புகை போட்டு, "பாருங்க, பூச்சி விழுந்துச்சு" என்று காட்டுகிறார்களே, அந்தப் பூச்சி உங்கள் பல்லிலிருந்து விழுந்தது இல்லை. சொத்தையில் புழு கிடையாது. இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலமாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் அங்கே இருக்கிறது. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது.

நீங்கள் ஏன் வரவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு சிட்டிங் என்றால் ஒருநாள் கூலி போகும். பஸ் செலவு தனி. கரும்பு வெட்டுக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போனால் திரும்ப மாதக்கணக்காகும். வீட்டில் ஆயிரம் செலவு இருக்கும்போது வலிக்காத பல்லுக்குப் பணம் கேட்டால் யாருக்கும் மனசு வராது. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கணவருக்கும் பிள்ளைக்கும் பார்த்துவிட்டு, "எனக்கு அடுத்த மாசம்" என்று போன அம்மாக்களின் கவர்கள்தான் இந்தப் பெட்டியில் பாதி.

எங்கள் பக்கத்துத் தப்பும் இருக்கிறது. ரூட் கெனாலுக்கு ஒரு தொகை சொல்லிவிட்டு, பாதி வழியில் "கேப்புக்குத் தனியாக" என்று இன்னொரு தொகை சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. ஏமாந்துவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம். ஒரு பல்லுக்குப் போனவரிடம் ஒரே மூச்சில் எட்டுப் பல்லைச் சொல்லிப் பயமுறுத்தியவர்களும் இருக்கிறார்கள். என் அம்மாவுக்கே அப்படி நடந்தது, நான் படித்து முடிப்பதற்கு முன்னால். நகரத்தில் ஒரு கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்லி, எதுவும் விளக்காமல் ஒரு பெரிய தொகையை எழுதி நீட்டினார்கள். அம்மா அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர், பிறகு பத்து வருடம் எந்தப் பல் மருத்துவரிடமும் போகவில்லை. நான் டாக்டரான பிறகு பார்த்தபோது மேலே நான்கு பல்தான் மிச்சம். அதனால் உங்கள் சந்தேகத்தை நான் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. சந்தேகத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சந்தேகத்தை என்னிடம் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்து ஆளிடம் கேட்கிறீர்கள். மெல்லிசான கதவு, உள்ளே எனக்கு எல்லாம் கேட்கும். "மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடுமாமே?" போகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதான காலத்தில் பல் பிடுங்கிய அதே வருடத்தில் கண்புரையும் வந்தால், இரண்டையும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள்.

"நரம்பை எடுத்தா பல்லு செத்துப் போயிடும், அப்புறம் எதுக்கு அது?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பல்லின் உள்ளே உயிர் போய்விடுகிறதுதான். ஆனால் வேரைச் சுற்றி, எலும்புக்கும் பல்லுக்கும் நடுவில், மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. அதில் ரத்த ஓட்டமும் உணர்வும் உண்டு. பல்லைத் தாங்குவதும், சோற்றில் கல் அகப்பட்டால் சட்டென்று உங்களுக்குச் சொல்வதும் அதுதான். ரூட் கெனால் முடிந்த பல்லில் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பதும் அதனால்தான். "நரம்பே இல்லைன்னீங்க, அப்புறம் எப்படி வலிக்குது?" என்று ஒருவர் என்னோடு சண்டையே போட்டார். பதில் அந்தப் படலம்தான்.

முதல் சிட்டிங்குக்குப் பிறகு உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நீங்கள் விட்டுப் போனது இந்த இடத்தில்தான். கடைவாய்ப் பல்லுக்குள் மூன்றோ நான்கோ குழாய்கள் ஓடும், தலைமுடிபோல மெல்லியவை, வளைந்தவை. ஒவ்வொன்றையும் நுனிவரை அளந்து, ஊசிபோன்ற கருவியால் சுரண்டி, மருந்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு கட்டாபெர்ச்சா என்ற, மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர்போன்ற பொருளை வைத்துக் காற்றும் எச்சிலும் புகாதபடி அடைக்க வேண்டும். அப்புறம் மேலே நிரந்தர சிமெண்ட், அதற்கு மேல் கேப். நீங்கள் போனபோது உங்கள் பல்லில் இருந்தது ஒரு பஞ்சும், அதன் மேல் சில வாரம் தாங்குகிற தற்காலிகச் சிமெண்டும் மட்டும்தான். அது தேய்ந்து ஓரத்தில் கீறல் விட்டதும் எச்சில் உள்ளே இறங்கும். எச்சிலோடு கிருமியும் இறங்கும். சுத்தம் செய்து வைத்த குழாய்கள் மறுபடி குப்பையாகும், இந்த முறை உங்களை எச்சரிக்க நரம்பும் இல்லாமல்.

கேப் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. "அதான் அடைச்சாச்சே, கேப் போட்டாத்தான் காசு வருமோ?" சொத்தை தின்றது போக, குழாயைத் தேடி நானும் நடுவில் துளை போட்டிருக்கிறேன். மிச்சம் நிற்பது நான்கு மெல்லிய சுவர். கடைவாயில் நிலக்கடலையையோ எலும்பையோ கடிக்கும்போது விழுகிற பாரத்தில் அந்தச் சுவர் பிளக்கும். பிளவு ஈறுக்குக் கீழே வேர் வரைக்கும் போய்விட்டால் உலகத்தில் யாராலும் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது. பானைக்கு வெளியே கட்டிய கம்பி வளையம் மாதிரி கேப் அந்தச் சுவர்களை இறுக்கிப் பிடிக்கிறது. வெள்ளையாகத்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. சிரித்தால் தெரியாத பின்பல்லுக்கு மெட்டல் கேப் போதும், விலையும் குறைவு, உறுதியாகவும் இருக்கும். முன்பல்லில் பெரிய சேதம் இல்லையென்றால் சில சமயம் கேப்பே வேண்டியதில்லை. இதையெல்லாம் டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆரம்பிக்கும் முன்பே கேப் வரைக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை வரவேண்டும், தவணையில் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற டாக்டரிடம் உட்கார வேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை.

பல் கிளீன் செய்தால் ஆடிப்போகும் என்ற பயமும் இந்த ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் வருடக்கணக்கில் படிந்து கல்லாகிப்போன காரை, ஈறைக் கீழே தள்ளி எலும்பை ஏற்கெனவே கரைத்துவிட்டது. ஆடுகிற பல்லுக்கு அந்தக் காரைதான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, இடைவெளி தெரிகிறது, சில நாள் கூச்சமும் இருக்கும். ஆட்டத்தை உண்டாக்கியது காரை. சர்க்கரை இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கஷ்டமாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. பழுப்பு வரி விழுந்த பல்லைக் காட்டி, "தேச்சு எடுத்துடுங்க, பொண்ணு பாக்க வராங்க" என்று வருகிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போர்த்தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது கணக்கு. அதற்கு மேல் போன தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைக்கு, பல் ஈறுக்குள் உருவாகும் காலத்திலேயே கறை விழுந்துவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கறை வந்தவர்கள் கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறை போகாது, எனாமல்தான் போகும். எனாமல் போனால் திரும்ப வளராது. பல் நிறத்திலேயே மேலே பூச்சுக் கொடுத்து மறைக்க வழி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கையால் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்க வேண்டியதில்லை என்று.

பிள்ளைகள் என்றதும் இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறீர்கள். "விழப்போற பல்லுதானே, விடுங்க" என்று ஒரு அப்பா என்னிடம் சொன்ன பல், அந்தப் பெண்குழந்தைக்கு ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல். எட்டு வயதில் அதைப் பிடுங்க வேண்டிவந்தது. இன்றைக்கே உங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து, கடைசியில் நிற்கும் பல்லைப் பாருங்கள். பால்பல்லாகவே இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பின்பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து, கீழே வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன.

"புடுங்கிட்டா தொல்லை தீர்ந்துச்சு" என்கிறீர்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. கீழே ஒரு பல் போனால் எதிரில் உள்ள மேல்பல் கடிக்க ஆளில்லாமல் மெல்லக் கீழே இறங்கும். பக்கத்துப் பல் காலி இடத்தில் சாயும். சாய்ந்த இடுக்கில் சோறு சிக்கி அடுத்த சொத்தை வரும். என்னிடம் வரும் ஓர் ஆயாவுக்குக் கடைவாயில் ஒரு பல்லும் இல்லை. என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். "களிக்குப் பல்லு எதுக்குக் கண்ணு? உருட்டி முழுங்கறதுதானே" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ராகிக் களியை மெல்லாமல் விழுங்குவதுதான் எங்கள் ஊர் வழக்கம், ஆகையால் அதுவரை அவருக்குக் குறை தெரியவில்லை. போன வருடம் பேரன் கல்யாணத்தில் கறி விருந்து. இலையில் விழுந்த கறித்துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் குழம்பை மட்டும் தொட்டுச் சாப்பிட்டாராம். மறுவாரம் வந்து பல் செட் கேட்டார். அளவெடுக்கும்போது பார்த்தேன், பல் இல்லாத தாடை எலும்பு தேய்ந்து கத்தி முனைபோல ஆகியிருந்தது. செட் உட்காரவே இடமில்லை. பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, வேலை இல்லாத எலும்பு கரைந்துவிடும்.

இம்பிளான்ட், அதாவது எலும்பில் செயற்கை வேர், வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். பிரானமார்க் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்வதைக் கண்டு, 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தினார். அற்புதமான வேலை. ஆனால் ஒரு பல்லுக்கு இம்பிளான்ட் வைக்க ஆகும் செலவு, அதே பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்து ஆகும் செலவைவிட அதிகம், எலும்போடு ஒட்ட மாதங்களும் பிடிக்கும். பிரிட்ஜ் போடலாம், அதற்குப் பக்கத்தில் உள்ள இரண்டு நல்ல பற்களைச் சீவ வேண்டும். உங்களுக்குக் கடவுள் கொடுத்த வேருக்கு ஈடாக எங்களிடம் எதுவும் இல்லை.

எல்லாப் பல்லையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. வேர் பிளந்தது, எலும்புப் பிடிப்பு முழுக்கப் போய் ஆடுவது, இடமில்லாமல் சாய்ந்து முளைத்துத் தொல்லை கொடுக்கும் ஞானப்பல், இவற்றைப் பிடுங்குவதுதான் சரி. அப்போதும் பயப்பட வேண்டாம், மரத்துப்போகும் ஊசியின் குத்து மட்டும்தான் தெரியும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்குவதற்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் வலியைப் பொறுத்துக்கொண்டு பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நடு மூன்று மாதங்களில் தாராளமாக சிகிச்சை பார்க்கலாம்.

இப்போது நான் கேட்க வந்தது. திரும்பி வாருங்கள்.

என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை. என்னிடம் வர முடியாத தூரத்தில் இருந்தால், இப்போது இருக்கும் ஊரிலேயே ஒரு பல் மருத்துவரைப் பாருங்கள். பதிவு பெற்றவர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பதிவு இல்லாதவர் பல் மருத்துவம் பார்க்கக் கூடாது. பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கிறது. சென்னைப் பக்கம் வேலைக்குப் போயிருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் படிப்பும் கருவியும் குறைந்தவை இல்லை. நான் கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு வராந்தாவில் காத்திருந்தவர்களின் வாயில்தான். "பாதியில் விட்ட ரூட் கெனால்" என்று அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்களுக்குப் புரியும்.

என்னிடமே வருவதென்றால், ஏன் வரவில்லை என்று நான் கேட்கமாட்டேன். திட்டுவேன் என்று பயந்துதான் பலர் வருவதில்லை என்று என் கம்பவுண்டர் அம்மா சொன்னார். அது என் குறை, திருத்திக்கொள்கிறேன். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். அதிலிருக்கும் கதிர், ஒருநாள் வெளியில் நடமாடினால் இயற்கையாகவே உடம்பில் படுகிற அளவுக்குக்கூட வராது. பெரும்பாலும் பல் இன்னும் காப்பாற்றும் நிலையில்தான் இருக்கும். குழாயைத் திரும்பக் கழுவி அடைக்கலாம், கரைந்த எலும்பும் மெல்ல மெல்ல நிரம்பி வருவதை எக்ஸ்ரேயில் நானே பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே கொடுத்த பணம் கணக்கில் இருக்கிறது, அதற்கு மறுபடி வாங்க மாட்டேன். மிச்சத்தை முடிந்தபோது கொடுங்கள்.

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை உங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அந்த மூன்று மணி நேரத்தில் புதிதாக யாரையும் பார்ப்பதாக இல்லை. சீட்டுத் தொலைந்துபோயிருந்தால் பரவாயில்லை. வந்து பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். உங்கள் கவர் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்